செல்வியின் கடிதம்

ஒன்பதாம் வகுப்போடு பள்ளியை விட்டு ஊர் ஊராகச் சுற்றியவன் நான். கோவா ஓட்டல்களில் வேலை பார்த்தபோது ஆங்கிலம் வந்துவிட்டது. பிறகு பந்தல்குடியில் ஒரு பரோட்டாக் கடையில் சேர்ந்தேன். கல்லூரிப் பிள்ளைகள் ஆங்கிலத்தில் எழுதியதைக் கொண்டுவந்தால் திருத்திக் கொடுப்பேன்.

ஒருநாள் செல்வி என்ற நெசவாளர் வீட்டுப் பெண் உதவித்தொகைக்கான கடிதத்தோடு வந்தாள். அது கிடைத்தால்தான் மேற்படிப்பு.

"கமா, புள்ளி மட்டும் பாருங்கண்ணே."

தறிச் சத்தத்துக்கு நடுவில் படித்ததைச் சின்னச் சின்ன வாக்கியங்களில் எழுதியிருந்தாள். எனக்கு அது போதவில்லை. எல்லாவற்றையும் அடித்துவிட்டுப் பெரிய வார்த்தைகளாகப் போட்டு நானே எழுதினேன்.

"என்னண்ணே, எனக்கே புரியல!" என்று சிரித்தாள்.

"புரியாட்டித்தான் மதிப்பு. கொண்டு போய்க் குடு."

நேர்காணலில் ஒரு வரிக்கு அர்த்தம் கேட்டார்களாம். அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை. யார் எழுதியது என்று கேட்டதும் உண்மையைச் சொல்லியிருக்கிறாள். உதவித்தொகை கிடைக்கவில்லை.

சில மாதம் கழித்து, மில் வேலைக்குப் போகும் வேனுக்காக அவள் ரோட்டோரம் நிற்பதைப் பார்த்தேன்.

"நல்லதுக்குத்தான செஞ்சீக, விடுங்கண்ணே" என்றாள்.

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். நான் அவள் நல்லதுக்குச் செய்யவில்லை. படிக்காதவனுக்கும் இவ்வளவு தெரியும் என்று யாருக்கோ காட்ட வேண்டியிருந்தது. வேன் வரும்வரை பக்கத்திலேயே நின்றும் அதை அவளிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.