ஒரு ஃபியூஸ், மூன்று குற்றவாளிகள்

பெண் வீட்டார் மாப்பிள்ளை பார்க்க வருவார்கள். போன வாரம் வேலம்பாளையத்தில் மெஷின் பார்க்க வந்தார்கள்!

மாப்பிள்ளை, என் நண்பன் செல்லமுத்து. ஊரே பனியன் கம்பெனி போடுகிறதே என்று இவன் பிளாஸ்டிக் ஒயர் போட இறங்கினான். கூடை பின்னத்தான் வீட்டுக்கு வீடு ஒயர் கேட்கிறார்களே! பிளாஸ்டிக் குருணையை உருக்கி ஒயராகத் தள்ளும் மெஷின் வந்துவிட்டது. கல்யாணம்தான் வரவில்லை. பார்த்த இடமெல்லாம் தட்டிப்போக, இதுவும் போனால் தனிக்கட்டைதான் என்று புலம்பிக்கொண்டிருந்தான். அவனைப் பற்றி நாலு நல்ல வார்த்தை சொல்ல என்னையும் அழைத்திருந்தான்.

சும்மா காட்டினால் கௌரவம் என்னாவது? பந்தல், சீரியல் பல்ப், மைக் செட்... எல்லாவற்றையும் மோட்டாருக்கு வரும் மூன்று ஃபேஸ் லைனில் ஒன்றிலேயே மாட்டச் சொன்னான்.

"தாங்காதுங்க" என்றார் பல்ப் கட்டியவர்.

"சொன்னதைச் செய்யுங்க!"

பெண்ணின் அப்பாவும் அம்மாவும் காரில் வந்து இறங்கினார்கள். செல்லமுத்து ஸ்விட்சைப் போட்டான். ரோஸ் ஒயர் ஒரு முழம் வந்தது. அப்புறம் 'டப்' என்று ஒரு சத்தம். மோட்டார் முனகிக்கொண்டே நின்றது. பாட்டு நின்றது. பந்தல் அணைந்தது.

ஆபீஸ் பல்ப் மட்டும் ஜோராக எரிந்தது. வந்தது வினை!

"கரண்ட் இருக்குதல்ல? மோட்டாரை என்னய்யா பண்ணித் தொலைச்சே?" என்று மெஷின் ஆபரேட்டர் மேல் பாய்ந்தான் செல்லமுத்து.

"நான் ஒண்ணும் பண்ணலீங்க. இப்படியே உட்டா மோட்டார் காயில் கருகிப் போயிருமுங்க" என்றபடி அவர் மோட்டாரை ஆஃப் செய்தார்.

அடுத்து மைக் செட் கொண்டுவந்த பாய். "ஓட்டை செட்டைக் கொண்டாந்து மானத்தை வாங்கறீங்களே!"

"நேத்து முச்சூடும் கல்யாண ஊட்ல பாடுன செட்டுங்க!" பாய்க்கும் கோபம் வந்துவிட்டது.

பல்ப் கட்டியவருக்குக் கிடைத்ததை இங்கே அச்சிட முடியாது. இதற்கிடையே ஹீட்டர் மட்டும் அணையாமல் உள்ளே பிளாஸ்டிக்கை வறுத்துக்கொண்டிருந்தது. நான் மூக்கைப் பொத்திக்கொண்டு மெஷினைப் புகழ்ந்துகொண்டிருந்தேன்.

"ஏனுங்க..." என்றார் பெண்ணின் அம்மா. "மூணும் ஒண்ணாத்தானுங்களே நின்னுச்சு? மூணுக்கும் ஒரே லைனுங்களா?"

ஆபரேட்டர் மெயின் பாக்ஸைத் திறந்தார். மூன்று ஃபியூஸில் ஒன்று கருகிக் கிடந்தது. ஆபீஸ் பல்பும் ஹீட்டரும் மற்ற இரண்டில் இருந்தன. பந்தல் ஒயரைக் கழற்றி எறிந்துவிட்டுப் புது ஃபியூஸ் கம்பி கட்டினார். மோட்டார் சுற்றியது. ரோஸ் ஒயருக்குப் பதிலாகக் கருகல் நிறத்தில் ஏதோ நெளிந்து வந்தது.

"புதுக் கலருங்க" என்றான் செல்லமுத்து. அசரவே இல்லை!

எனக்கே பொறுக்கவில்லை. "அந்த மூணு பேர்கிட்டயும் தெரியாமத் திட்டிட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லிரு" என்றேன்.

"கூலி குடுக்கறேனல்ல? அப்புறம் என்ன?"

பெண்ணின் அம்மா பக்கத்தில்தான் நின்றிருந்தார். காரில் ஏறும்போது, கொங்கு நாட்டு மரியாதை கொஞ்சமும் குறையாமல் சொன்னார்:

"மெசின் நின்னதுக்கு ஒண்ணுமில்லீங்க. எந்த மெசின்தான் நிக்காது? நின்னதும் மூணு பேர் மேல பழி போட்டீங்க. உண்மை தெரிஞ்சும் தப்புன்னு சொல்ல வாய் வரலீங்க. நாளைக்கு ஊட்டுல எது நின்னாலும் நாலாவது ஆளு எம்பொண்ணுதானுங்களே?"

கார் போய்விட்டது. சம்பந்தம் ஏன் கலைந்தது என்பதைச் செல்லமுத்து மறுநாளே கண்டுபிடித்துவிட்டான்.

என்னால்தானாம்!