வராத பார்சலும் ஒரு காலிக் கட்டமும்

போன வாரம் காரைக்குடி பஸ் ஸ்டாண்டில் கீழச்சிவல்பட்டி நண்பர் ஒருவரைப் பார்த்தேன். பஸ் படியில் ஒரு காலை வைத்தவர், என்னைக் கண்டதும் இறங்கி வந்தார்.

"தபால்ல வாங்குற சாமானையெல்லாம் கம்ப்யூட்டர்ல போட்டு வச்சிருக்கீகளாமே, அதுல பிரயோசனம் உண்டா? நானும் ஆரம்பிக்கலாமான்னு பாக்குறேன்."

நான் வாயைத் திறப்பதற்குள் பஸ் நகர்ந்துவிட்டது. அவரும் ஓடிப்போய் ஏறிக்கொண்டார். அவருக்கும், இதே யோசனையில் இருக்கிற மற்றவர்களுக்கும் சேர்த்து இந்தப் பத்திரிகைப் பத்தியிலேயே சொல்லிவிடுகிறேன்.

எங்கள் வீட்டில் வி.பி.பி. மோகம் கொஞ்சம் அதிகம். பத்திரிகை விளம்பரத்தில் இருக்கும் கூப்பனைக் கத்தரித்து, பெயர் விலாசம் எழுதி அனுப்பினால் போதும். மூன்று வாரத்தில் பார்சல் வாசலுக்கே வரும். தபால்காரரிடம் பணத்தைக் கொடுத்து வாங்கிக்கொள்ளலாம். கடைத்தெருவில் பேரம் பேசத் தெரியாத என் போன்றவர்களுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? காய் வெட்டும் மெஷின், சார்ஜ் ஏற்றும் டார்ச், முட்டிவலிக்குப் பட்டை... எங்கள் வீட்டில் யாருக்கும் முட்டிவலி கிடையாது.

இந்த நேரத்தில்தான் ஞாயிறு பூசை முடிந்த கையோடு கம்ப்யூட்டர் வகுப்புக்குப் போக ஆரம்பித்தேன். ஸ்பிரெட்ஷீட் சொல்லிக்கொடுத்தார்கள். திரை முழுக்கக் கட்டம் கட்டமாக இருக்கும். எதையாவது போட்டுப் பழக வேண்டுமே? பார்சல்களைப் போட்டேன். பொருள், ஆர்டர் தேதி, வந்த தேதி, குறிப்பு. தமிழ் எழுத்து அந்த மெஷினில் கிடையாது. தமிழையே ஆங்கில எழுத்தில் அடித்தேன். ஓரத்தில் ஓட்டை ஓட்டையாக இருக்கும் அந்த நீளத் தாளில் அச்சடித்து, வீட்டுக்குக் கொண்டுவந்து மனைவியிடம் காட்டினேன்.

ஜெசிந்தா ஸ்கூல் டீச்சர். எதையும் திருத்துகிற கண்ணோடுதான் பார்ப்பாள்.

"வந்தது வீட்டுல இருக்கு. வராதது வரல. இதுக்கு எதுக்குங்க கட்டம்?"

இதற்குப் பதில் சொல்ல முடியாது என்பதால், விஞ்ஞானம் புரியாதவர்களிடம் பேசிப் பயனில்லை என்று முடிவு செய்தேன்.

எங்கள் செக்காலைத் தெருவுக்குத் தபால் கொண்டுவருகிறவர் சேவுகன். பல வருடமாகத் தற்காலிக வேலை. "இந்த வருசம் பெர்மனென்ட் ஆயிரும்போல சார், ஃபைலு மேல போயிருக்கு" என்று ஒருநாள் குரலைத் தாழ்த்திச் சொன்னார். சத்தமாகச் சொன்னால் ஃபைல் காதில் விழுந்து திரும்பி வந்துவிடும் என்று பயந்தாரோ என்னவோ.

மகள் செலினுக்குப் புதுநன்மை வந்தது, அதாவது கோயிலில் முதன்முதலாக நற்கருணை வாங்கும் நாள். வெள்ளை நெட்டு முக்காடும் தலைக்கு வைக்கிற பூமுடியும் ஒரு விளம்பரத்தில் பார்த்தோம். செலினுக்குப் பிடித்துவிட்டது. கூப்பனைப் பூர்த்தி செய்தேன். அடுத்த ஞாயிறே ஸ்பிரெட்ஷீட்டிலும் ஏற்றினேன்.

மூன்று வாரம் போயிற்று. ஐந்து வாரம் போயிற்று. 'வந்த தேதி' கட்டம் மட்டும் காலியாகவே இருந்தது. ஒரு பொருள் வராவிட்டால் மறந்துபோகும். ஒரு கட்டம் காலியாக இருந்தால் மறக்கவே விடாது.

"தபால் பெட்டில போட்டீகளா?" என்று ஜெசிந்தா கேட்டாள்.

"கம்ப்யூட்டர்லயே ஏறியிருக்கு, தேதியோட" என்றேன்.

குறிப்புப் பத்தியைப் பார்த்தேன். முன்பு மூன்று பார்சல்கள் தாமதமாக வந்திருந்தன. மூன்றையும் கொண்டுவந்தவர் சேவுகன். போதாதா? எங்கள் தெருவுக்கு வேறு தபால்காரரே கிடையாது என்பது அப்போது என் புத்தியில் ஏறவில்லை. செலினின் முக்காட்டுக்கு எதிரே குறிப்பில் அவர் பெயரையும் அடித்து, முழுப் பட்டியலையும் பிரிண்ட் எடுத்துக்கொண்டு தபால் ஆபீசுக்குப் போனேன்.

போஸ்ட்மாஸ்டர் தாளைக் கையில் வாங்கியதும் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"கம்ப்யூட்டர்ல எடுத்ததா சார்?"

"ஆமாம்."

கையால் எழுதிய புகார்கள் மேஜையில் ஒரு கட்டாகக் கிடந்தன. என்னுடையது அதில் சேரவில்லை. அன்றைய தபாலிலேயே மேலிடத்துக்குப் போயிற்று. எனக்குப் பெருமையாக இருந்தது. ஒளிப்பானேன்?

செலினுக்கு, தேவகோட்டையிலிருக்கும் மச்சினி மகளின் முக்காட்டை ஜெசிந்தா வாங்கிவந்தாள். புதுநன்மை நன்றாகவே நடந்தது. போட்டோவிலும் யாருடைய முக்காடு என்று தெரியவில்லை.

அதற்கு அடுத்த ஞாயிறு, வகுப்பில் ஏதோ சந்தேகத்துக்கு என் பழைய நோட்டைப் புரட்டினேன். நடுவில் ஒரு கவர். விலாசம் என் கையெழுத்தில். ஒட்டிய தபால்தலை ஒட்டியபடி இருந்தது. உள்ளே செலினின் கூப்பன்.

தேதியைப் பார்த்து அடிப்பதற்காக அதை வகுப்புக்கு எடுத்துப் போயிருக்கிறேன். அடித்திருக்கிறேன். அடித்ததோடு காரியம் முடிந்தது என்று மூடி வைத்திருக்கிறேன். கடிதத்தைப் பெட்டியில் போடாமல் கம்ப்யூட்டரில் போட்டவன் ஊரிலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன். வெட்கமாக இருந்தது. அதைவிட பயமாக இருந்தது.

மறுநாள் காலையில் முதல் ஆளாகப் போஸ்ட்மாஸ்டர் முன்னால் நின்றேன். கையால் எழுதிய மன்னிப்புக் கடிதத்தை நீட்டினேன்.

அவர் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "சேவுகன் ஃபைல நிறுத்தி வச்சிருக்காக சார். விசாரணை முடியட்டும்னு."

"அதுக்குத்தான் எழுதிக் கொண்டாந்திருக்கேன். தப்பு முழுக்க என்னோடது."

"கையால எழுதுனத யாரு சார் ஒடனே பாப்பாக? அன்னைக்குக் குடுத்தீகள்ல, அதே மாதிரி கட்டம் போட்டு எடுத்துட்டு வாங்க."

எடுத்தேன். அதே பட்டியல், அதே வரிசை. குறிப்புப் பத்தியில் சேவுகன் பெயரை எடுத்துவிட்டு என் பெயரை அடித்தேன். 'ஆர்டர் அனுப்பப்படவில்லை, தவறு என்னுடையது' என்று பக்கத்தில் சேர்த்தேன். இத்தனை வரிசையில் அது ஒன்றுதான் உண்மைத் தகவல் என்று அப்போது பட்டது.

இரண்டு மாதம் கழித்து ஃபைல் நகர்ந்தது. சேவுகனுக்கு வேலை நிரந்தரமாயிற்று. அந்த இரண்டு மாதமும் அவர் தினம் எங்கள் வாசலில் கடிதம் போட்டுவிட்டுத்தான் போனார். நான்தான் அந்த நேரத்துக்கு உள்ளறையில் ஏதாவது வேலை வைத்துக்கொண்டேன்.

நிரந்தரமான பிறகு ஒருநாள் துணிந்து வாசலுக்குப் போனேன்.

"தப்பு எம்மேலதான், சேவுகன். மனசுல வச்சுக்காதீக."

"பரவாயில்ல சார். பேப்பர்ல அச்சடிச்சு இருந்தா யாரா இருந்தாலும் நம்பத்தான் செய்வாக." சைக்கிள் பெல்லைத் துடைத்துக்கொண்டே சொன்னார். "எங்க வீட்டுலயே ஒருநா கேட்டுப்புட்டா சார். நெசமா எடுத்தீகளான்னு."

உட்காரச் சொன்னேன். உள்ளே ஜெசிந்தா காபி கலந்துகொண்டிருந்தாள். குடித்துவிட்டுத்தான் போனார்.

கீழச்சிவல்பட்டி நண்பரே, உங்கள் கேள்விக்கு வருகிறேன். தாராளமாகக் கணக்கு வையுங்கள். கைப்பழக்கத்துக்கு நல்லது. ஆனால் எழுதின தேதியைப் போடாதீர்கள், பெட்டியில் போட்ட தேதியைப் போடுங்கள். ஆள் பெயர் போடுகிற பத்தியே வேண்டாம். நான் என்னுடையதை நிறுத்திவிட்டேன். வந்தது வீட்டில் இருக்கிறது. வராதது வரவில்லை.

இப்போதும் பார்சல் வருகிறது. போன செவ்வாய்க்கிழமை ஒன்று வந்தது — ஜெசிந்தாவுக்குக் குடை. சேவுகன் ஆபீஸ் பாரத்தில் கையெழுத்து வாங்கினார். பிறகு சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்தார். ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட கட்டங்கள். பொருள், தேதி, மணி, வாங்கியவர்.

"இதுலயும் ஒண்ணு போட்டுருங்க சார்."

போட்டேன். "எல்லா வீட்டுலயும் வாங்குறீகளா?" என்று கேட்டேன்.

"இல்ல சார்" என்றார் சேவுகன். "ஒங்க வீட்டுல மட்டுந்தான்."