கொட்டு நிற்கும் இடம்

இதுவரை வந்த என் ராப் பாட்டுகளையெல்லாம் சேர்த்து ஒரே ஆல்பமாகப் போடுகிறோம் என்று சென்னைக் கம்பெனிக்காரர் போனில் சொன்னபோது, திரேஸ்புரம் கடற்கரையில் நின்று நான் போட்ட கத்தலில் மீன் வாங்க வந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அதே வாயால்தான் இப்போது அந்த மனுஷரைத் திட்டிக்கொண்டிருக்கிறேன்.

இத்தனை வருஷத்தில் எங்கள் பாட்டு எதுவும் ரேடியோவில் வந்ததில்லை. வலை போட்டுவைக்கும் கொட்டகையில் போனிலேயே பதிவு செய்வோம். கொடியில் காயும் துணியெல்லாம் கறுத்துப்போகிற நிலக்கரித் தூசியிலிருந்து, ஓட்டுக் கேட்க மட்டும் வருகிறவர்கள்வரை எல்லாவற்றையும் வைது யூடியூபில் போடுவோம். யாராவது மிரட்டினால் எடுத்துவிட்டு வேறு பேரில் மறுபடி போடுவோம். நாங்கள் என்றால் நானும் என் தங்கச்சி மாப்பிள்ளையும்.

அவன் சங்கு குளிக்கிறவன், கடலடிக்கு மூழ்கிச் சங்கு எடுப்பான். நான் அவனுக்குக் கயிறு பிடிக்கிறவன். குளிக்கிறவன் கயிற்றை அவன் பெண்டாட்டியின் உடன்பிறந்தவன்தான் பிடிக்க வேண்டும் என்பது இங்கே பழக்கம். தங்கச்சி தாலி அறுபட எந்த அண்ணன் விடுவான் என்கிற நம்பிக்கை. எங்கள் வள்ளத்தில் அவன் தண்ணீருக்குள் இருக்கும்வரை ஒருவரும் பேசக் கூடாது. கீழிருந்து அவன் கயிற்றைச் சுண்டி இழுப்பது என் கைக்குத் தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

பாட்டிலும் அப்படியே செய்தோம். என் வரிகள் முடிந்ததும் கொட்டு நின்றுவிடும். ஒரு சத்தமும் இருக்காது. அவன் குரல் மட்டும் இறங்கி, ஒரே மூச்சில் வைதுவிட்டு மேலே வரும். ஊர்ப் பயல்கள் அந்த இடத்துக்காகத்தான் கேட்டார்கள், என் மூஞ்சிக்காக இல்லை.

குளித்துக் குளித்து அவனுக்கு முதலில் ஒரு காது போனது, பிறகு மற்றதும் போனது. பாடுவதை விட்டுவிட்டான். பாட்டுக் கேட்க ஆசை வந்தால் ஸ்பீக்கர் பெட்டியில் உள்ளங்கையை வைத்துக்கொள்வான். ஆல்பம் வந்ததும் பழைய பதிவுகளை யூடியூபிலிருந்து எடுத்துவிட வேண்டும் என்று கம்பெனி சொல்லியிருந்தது. அதனால் இனி அவன் குரல் உலகத்துக்குக் கேட்டால் அந்த ஆல்பத்தில்தான் கேட்கும்.

வெளியாவதற்கு முந்தின நாள் பாட்டுகளை அனுப்பினார்கள். தங்கச்சி வீட்டில் போட்டேன். அவன் பெட்டியில் கையை வைத்தான். அந்த இடம் வந்தது. கொட்டு நிற்கவில்லை. அவன் குரலும் இல்லை. அவன் கையை எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தான்.

"இங்கன கொட்டு கிடையாதுல்லா, மச்சான்?" என்றான்.

என்னால் அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அங்கேயே கம்பெனிக்குப் போன் போட்டேன்.

"சத்தமே இல்லாம விட்டா கேக்கிறவங்க அடுத்த பாட்டுக்குப் போயிடுவாங்க சார்," என்றார் அவர், குழந்தைக்குச் சொல்வது மாதிரி. "அவர் குரலும் தெளிவா இல்ல. ஆல்பம் உங்க பேர்லதானே? எடுத்தது யாருக்கும் தெரியாது."

யாருக்கும் தெரியாதாம்! காது கேட்காதவன், என் பக்கத்தில் உட்கார்ந்து பெட்டியைத் தடவிக்கொண்டிருக்கிறான். எனக்குக் கோபம் தலைக்கு மேல் ஏறியது.

"ஏலே, அவன் குரல வெட்டிட்டு எம்பேர்ல எவன் பாட்டு போடுதான்னு பாக்கேன்! அது இருக்கணும். இல்லைன்னா ஆல்பமே வேண்டாம்."

"உங்க இஷ்டம் சார்," என்று வைத்துவிட்டார். எங்கள் இத்தனை வருஷக் கத்தலும் அவருக்கு அவ்வளவுதான்.

தங்கச்சி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றாள். "பழசப் போடுண்ணே," என்றாள்.

என் போனில் கிடந்த பழைய பதிவைப் போட்டேன். அவன் மறுபடி பெட்டியில் கையை வைத்தான். என் வரிகள் முடிந்தன. கொட்டு நின்றது. அவன் கண்ணை மூடிக்கொண்டான். உதடு மட்டும் அசைந்தது, மூச்சு விடாமல்.

கொட்டு திரும்ப வரும்வரை நானும் தங்கச்சியும் பேசவில்லை.