கொய்யாக் குழியில் கிடந்த முடி

அழுகிய இறால் தோலின் நாற்றம் மூக்கில் ஏறினால் இன்றைக்கும் எனக்குக் கொய்யாப்பழ ஞாபகம்தான் வரும். திருவொற்றியூர்க் குப்பத்தில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டுக் கொல்லை வெறும் மணல். குடம் தண்ணீர் ஊற்றினாலும் மறுநிமிடம் காணாமல் போய்விடும், கொய்யாக் கன்று இரண்டு வைத்து இரண்டும் கருகின. எருவுக்குக் காசு கொடுக்க மனமில்லாத அம்மா, மூன்றாவது கன்றுக்கு முழங்கால் ஆழம் தோண்டி, மீன் விற்றுத் திரும்பும்போதெல்லாம் மீன்குடல், இறால் தோல், டீக்கடை முட்டை ஓடு என்று கொண்டுவந்து விளக்கு வைக்கிற நேரத்தில் புதைத்தாள். முடிகூட மக்கினால் உரம் என்று யாரோ சொல்லப்போக, தெருமுனை சலூனில் ஒரு பை நிறைய வாங்கி அதையும் போட்டாள்.

அந்த வாரமா "ஹவுஸ் ஓனர்" அக்காவின் புருஷனுக்குக் காய்ச்சல் வரவேண்டும்! அக்கா மாடியிலிருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். மூன்றே நாளில் "செய்வினை" என்ற சொல் குழாயடிவரை போய்விட்டது. என்னோடு தெருவில் கட்டம் போட்டுப் பாண்டி ஆடுகிற பிள்ளைகள்கூட எங்கள் வாசலை மிதிக்கவில்லை. வீட்டைக் காலி பண்ணச் சொல்லி அக்கா ஆள் அனுப்பினாள். எனக்கோ அழுகை, கன்று அப்போதுதான் இரண்டு தளிர் விட்டிருந்தது.

அம்மாவுக்குக் கோபம் வந்தால் நிற்காது. பட்டப்பகலில் தெருவையே கூட்டி, கன்றின் ஓரமாகத் தோண்டி ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினாள். இறால் தோலுக்கும் முட்டை ஓட்டுக்கும் அக்கா மூக்கைப் பொத்திக்கொண்டதோடு சரி. முடி வந்ததும், யாருடையது என்று கேட்டாள்.

"சலூன் முடிக்கா. தெருவுல பாதிப் பேரு முடி இதுல கீது. எல்லாருக்குமா செய்வினை வெப்பேன்?" என்றாள் அம்மா. கூட்டம் சிரித்தது.

அக்கா சிரிக்கவில்லை. "அப்போ எங்க வூட்டுக்காரரு முடியும் இதுல கீது."

சிரித்துக்கொண்டிருந்த ஆம்பளைகள் ஒவ்வொருவராகத் தங்கள் தலையைத் தடவிக்கொண்டார்கள். அதன்பிறகு எங்களுக்காகப் பேச ஆளில்லை.

மாதக் கடைசியில் கன்றை விட்டுவிட்டுக் காலி செய்தோம். அதைப் பிடுங்கிப்போட அக்காவுக்குப் பயமாம். அந்தப் பயத்தில் தப்பித்த மரம் இரண்டு மூன்று வருஷத்தில் என்னமாய்க் காய்த்தது! பள்ளிக்கூடம் போகும் வழியில் மதிலுக்கு மேல் பழம் பழமாகத் தொங்கும். அக்காவின் புருஷன் வாசலில் நின்று ஒன்றைக் கடித்துக்கொண்டிருந்ததை நானே என் கண்ணால் பார்த்தேன். பழத்தின் மேல் மட்டும் யாருக்கும் சந்தேகம் இல்லை.

இன்று அந்த வீடும் இல்லை, கொய்யாவும் இல்லை. மூன்று மாடிக் கட்டடமும் சுற்றிலும் சிமெண்ட் தரையும்தான். நான் மணலி புதுநகரில் இருக்கிறேன். போன வாரம், பக்கத்து வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்த பெண் விளக்கு வைக்கிற நேரத்தில் சுவரோரம் குழி தோண்டி, எதையோ கொட்டி மூடினாள். பக்கத்திலேயே ஒரு முருங்கைக் கொம்பு சாய்த்து வைத்திருந்தாள். அது எதற்கென்று எனக்குத் தெரியாதா? தெரிந்தும், உள்ளே போய் என் சீப்பில் சிக்கியிருந்த முடியை ஒன்றுவிடாமல் பொறுக்கி, காகிதத்தில் சுற்றி, பீரோவில் வைத்துப் பூட்டினேன்.