அப்பா உயர்த்திய வலக்கை

எங்கள் அப்பா வேம்பாரில் பிறந்து, வாலிப வயதில் சங்கு குளிக்கத் தூத்துக்குடிக்கு வந்தார்கள். மூச்சை அடக்கிக் கடலடியில் கிடந்த சங்குகளைப் பொறுக்கித்தான் எங்களை வளர்த்தார்கள். ஆழத்தின் அழுத்தத்தில் ஒரு காது மந்தமாகிப் போனதால் எப்போதும் சத்தமாகவே பேசுவார்கள். அம்மா இளவயதில் இறந்தபின் எனக்குத் தலைபின்னிப் பள்ளிக்கு அனுப்பியதும் அவர்களே. பின்னல் கோணலாகத்தான் இருக்கும். வாசலில் நிறுத்தி, கட்டைவிரலால் நெற்றியில் சிலுவை வரைந்த பிறகே போகவிடுவார்கள். அது ஒருநாளும் கோணியதில்லை.

அந்தக் கைக்குத்தான் நடுக்கம் வந்தது. பார்க்கின்சன் நோய் என்றார் மருத்துவர். தேநீர் சிந்தியது, சட்டைப் பொத்தான் போட முடியவில்லை, நடக்கையில் கால் தரையோடு ஒட்டிக்கொண்டது. நோய் குணமாகாது, உடல் இறுகிப்போகாமல் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லி, நாற்காலியில் அமர்ந்து செய்யும் ‘தாய்ச்சி’ என்ற சீன உடற்பயிற்சிக்கு அனுப்பினார். எங்கள் கோவில் மண்டபத்தில் பிசியோதெரபி படித்த, எங்கள் பங்கைச் சேர்ந்த ஒரு தங்கை அதை நடத்தினார்.

பாதங்களைத் தரையில் பதித்து, மூச்சை இழுத்தபடி கைகளைத் தோள்வரை உயர்த்தி, மூச்சை விட்டபடி மெல்ல இறக்க வேண்டும். அப்பா இழுத்த மூச்சை விடவே மாட்டார்கள்.

“தாத்தா, மூச்ச விடுங்க!”

“ஏளா, அதுக்குள்ளயா? இன்னும் கடலடி தட்டலியே!”

மண்டபமே சிரிக்கும். எனக்குச் சிரிப்பு வராது. ஒருநாள் அப்படியே கண் இருண்டு நாற்காலியிலிருந்து சரிந்தார்கள்.

“போதும்ப்பா. இனிமே வரவேண்டாம்” என்று அழுதேன்.

“ஜெனிட்டா ஜெர்மனிக்கு நர்ஸ் வேலைக்குப் போறால்லா? அவ நெத்தில சிலுவ போடணும்ளா. இந்தக் கையோட போட்டா பிள்ள கண்ணுல குத்திருவேன்.”

ஜெனிட்டா என் ஒரே மகள். அவள் பயணப் பேச்சை எடுத்தாலே நான் அடுக்களைக்குள் போய்விடுவேன். அப்பாவோ அதற்காகவே உடம்பைப் பழக்கிக்கொண்டிருந்தார்கள்.

பிறகு அந்தத் தங்கை, ‘ஆ’ என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே கையை இறக்கச் சொன்னார். சத்தம் வந்தால் மூச்சு அடைபடாதல்லவா. அப்பாவின் குரலுக்கு மண்டபத்துப் புறாக்கள் பறந்தன. சில நாள் தேநீரைச் சிந்தாமல் குடித்தார்கள். சில நாள் முடியவில்லை.

ஜெனிட்டா மொழித் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தபோதே அப்பாவுக்கு விழுங்குவது சிரமமாகி, நெஞ்சில் சளி கட்டியது. மருத்துவமனையில், கடைசி நாளன்று, அவள் கட்டிலருகே குனிந்து நின்றாள். அப்பா மூச்சை இழுத்து வலக்கையை உயர்த்தினார்கள். ‘ஆ’ என்ற மெல்லிய சத்தத்தோடு அவள் நெற்றியில் மேலிருந்து கீழாகக் கட்டைவிரலை இழுத்தார்கள். கோடு நேராக வந்தது. குறுக்குக் கோட்டுக்குக் கை எழவில்லை.

பயிற்சி தந்த தங்கைக்கும், இரவும் பகலும் பார்த்துக்கொண்ட செவிலியருக்கும், அப்பாவைத் தோளில் சுமந்து சென்ற சங்குகுளி நண்பர்களுக்கும், எங்களோடு ஜெபித்த பங்குமக்களாகிய உங்கள் அனைவருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

அப்பாவின் முதலாண்டு நினைவுத் திருப்பலி முடிந்த வாரமே ஜெனிட்டா புறப்படுகிறாள். “தாத்தா விட்ட கோட்ட நீங்க போடுங்கம்மா” என்கிறாள். எனக்கு நோய் ஏதுமில்லை. ஆனாலும் அவள் பெட்டியைப் பார்த்தாலே கை நடுங்குகிறது. காலையில் அப்பாவின் நாற்காலியில் உட்கார்ந்து கைகளை உயர்த்திப் பார்க்கிறேன். மூச்சு உள்ளேயே நின்றுவிடுகிறது. அப்பாவின் ஆன்மாவுக்காக வேண்டிக்கொள்ளுங்கள். திருப்பலியில் என்னைக் கண்டால், மூச்சை விடச் சொல்லுங்கள். கொஞ்சம் சத்தமாகவே சொல்லுங்கள்.