தீனி இறங்காத ஓணான்களும் கிளெனிஸ் டிரெவினும்

எங்கள் ஊர் ரென்மார்க்கில் யார் வீட்டில் வளர்க்கிற தாடி ஓணானாவது தின்ன மறுத்தால், ஆரஞ்சு தரம்பிரிக்கும் கொட்டகைக்குத்தான் ஆள் வரும். அங்கே பழங்கள் ஓடிவருகிற பெல்ட்டின் முனையில் கிளெனிஸ் டிரெவின் நிற்பாள். பக்கத்தில் நின்று பல பருவங்கள் வேலை செய்தவள் நான். அவசரத்தில் ஒரு நல்ல பழத்தைக்கூட அவள் சாறு பிழிகிற கூடைக்குத் தள்ளிப் பார்த்ததில்லை.

ஓணான் குஞ்சுகளிடமும் அதே நிதானம்தான். யாராவது குஞ்சைச் செருப்புப் பெட்டியில் போட்டுக்கொண்டு வந்தால் அப்படியே திருப்பி அனுப்பிவிடுவாள். அது இருக்கிற கூண்டை, இருக்கிற இடத்திலேயே பார்க்க வேண்டும் அவளுக்கு. வேலை முடிந்து அந்த வீட்டுக்குப் போய்க் கூண்டுக்கு முன்னால் தரையில் உட்காருவாள். ஒரு வீட்டில் இரண்டு குஞ்சுகளை ஒன்றாக விட்டிருந்தார்கள். பெரியது சின்னதன் முதுகில் ஏறிப் படுத்திருக்கும். வீட்டுக்காரர்கள் பாசம் என்று படம் எடுத்து ஊரெல்லாம் காட்டிக்கொண்டிருந்தார்கள். நெடுநேரம் பார்த்துவிட்டு அவள் சொன்னாள்: "பாசமும் இல்ல, ஒண்ணும் இல்ல. பெருசு சூட்டைப் பிடுங்கிக்குது. சின்னது பயத்துல சாப்பிடல." தனிக்கூண்டில் விட்டதும் சின்னது தின்னத் தொடங்கியது.

மெர்வ் ஃபெக்னர் எங்கள் கொட்டகையில் பழப்பெட்டிகளைத் தூக்கிவைக்கும் வண்டியை ஓட்டுகிறவர். தனி ஆள். அவர் வீட்டில் சார்ஜன்ட் என்று ஒரு ஓணான் குஞ்சு உண்டு. மாலையில் அவர் கால்பந்து பார்க்கும்போது தோளில் உட்கார்ந்து அதுவும் பார்க்கும். பூமியின் தென்பாதியில் இருக்கும் எங்களுக்குக் குளிர்காலமான ஜூலை மாதத்தில் ஒருநாள், தேநீர் குடிக்கிற நேரத்தில், சார்ஜன்ட் குளிர்காலத்துக்குப் படுத்துவிட்டதாகவும் தீனியைத் தொடுவதே இல்லை என்றும் சாதாரணமாகச் சொன்னார். நாங்களும் தலையாட்டினோம். கோடை முழுக்கத் திராட்சைத் தோட்டத்து வேலிக்கம்பங்களில் ஓணான்களைப் பார்க்கிறோம். உறைபனி விழுந்ததும் ஒன்றுகூடக் கண்ணில் படாது. அது மண்ணுக்குள் போய்த் தூங்கும் என்பது இங்கே குழந்தைக்கும் தெரியும்.

கிளெனிஸ் கோப்பையைக் கீழே வைத்தாள்.

"மெர்வ், அது எப்பப் பொரிச்சது?"

"கிறிஸ்மஸ் கழிச்சு."

"கம்பத்துல இருக்கிற பெருசுங்க கோடை பூரா தின்னு கொழுத்துட்டுப் போய்ப் படுக்கும். உன்னோடது எதை நம்பிப் படுத்திருக்கு?"

"நானும்தான் குளிர்காலத்துல பெருசா எதுவும் செய்யறதில்ல."

"அது எங்களுக்குத் தெரியாதா? சாயங்காலம் வரேன், வீட்டக் காட்டு."

நானும் கூடப் போனேன். கூண்டு அழகாக இருந்தது. மெர்வ் தன் கையால், பழைய மரச்சட்டங்களைக் கொண்டு செய்தது. குளிர்காலச் சூரியன் நாள் முழுக்க விழுகிற வடக்குச் சன்னலில் வைத்திருந்தார். உள்ளே நல்ல கதகதப்பு. வெயிலைப் போலப் புற ஊதாக் கதிர் தருகிற கதிர் விளக்குதான் இல்லை.

"இந்த ஊர்ல வெயிலுக்கு விளக்கு வாங்குவாங்களா? நம்ம வெயில மூட்டை கட்டி விக்கலாம்," என்றார்.

கிளெனிஸ் குஞ்சை உள்ளங்கையில் எடுத்தாள். வால் அடி ஒட்டிப்போயிருந்தது. முன்னங்கால் விரல்கள் தாமாகத் துடித்தன. கீழ்த்தாடையை விரல் நுனியால் தொட்டாள். கெட்டியாக இருக்கவேண்டிய எலும்பு அமுங்கியது.

"சன்னல் கண்ணாடி வெளிச்சத்த விடுது, சூட்ட விடுது. எலும்புக்கு வேண்டியத வெளியவே நிறுத்திடுது. இது தூங்கல மெர்வ். மெல்ல முடியல."

மெர்வ் அந்தத் தாடையைத் தானும் தொட்டுப் பார்த்தார். பிறகு, "செத்துருமா?" என்று கேட்டார்.

"தெரியாது. கோட்டப் போடு, டாக்டர்கிட்டப் போலாம். எனக்குக் கண்ணுதான் இருக்கு, மருந்து இல்ல."

கால்நடை மருத்துவர் கால்சியம் ஊசி போட்டார். சொட்டு மருந்தும் கொடுத்தார். நாள் கடந்துவிட்டது, ஆனால் கைவிட வேண்டியதில்லை என்றார். வருகிற வழியிலேயே மெர்வ் கதிர் விளக்கு வாங்கினார். வீட்டுக்கு வந்ததும் வாயைத் திறந்து எதையாவது ஊட்டிவிடத் துடித்தார். கிளெனிஸ் விடவில்லை. வயிறு சூடாகாமல் உள்ளே போகிற தீனி அங்கேயே அழுகும் என்றாள்.

அதன்பிறகு மேகம் இல்லாத மதியங்களில் மெர்வ் இடைவேளைக்கு வீட்டுக்கு ஓடினார். பின்முற்றத்தில் பழப்பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு, கம்பளிக் குல்லாயோடு உட்கார்ந்து, சார்ஜன்ட்டை மடியில் வைத்து வெயில் காட்டினார். பல நாள் கிளெனிஸும் தன் ரொட்டியை அங்கே கொண்டுபோய்த் தின்றாள். காற்று வருகிற பக்கம் முதுகு காட்டி உட்கார்ந்துகொள்வாள். குஞ்சின் வயிற்றில் கைவைத்துப் பார்த்து, சூடேறியபிறகு, பின்னங்கால் நீக்கிய சின்னச் சில்வண்டு ஒன்றை முன்னால் காட்டுவாள். ஒரே ஒரு தடவை. தின்னாவிட்டால் எடுத்துவிடுவாள். மெர்வ் வாங்கி மறுபடி நீட்டப் போனால், "கெஞ்சாத. மூஞ்சிக்கு முன்னாடி ஆட்டிக்கிட்டே இருந்தா மிரண்டுடும்," என்பாள்.

முதலில் அது கண்ணையே திறக்கவில்லை. பிறகு திறந்து பார்த்தது. ஒருநாள் நாக்கை நீட்டி மெர்வின் கட்டைவிரலைத் தொட்டது. மறுநாள் சில்வண்டைத் தாவிப் பிடிக்கப்போய்த் தவறவிட்டது. தலையைச் சாய்த்து இன்னொருமுறை பாய்ந்தது. மெதுவாக, நிறுத்தி நிறுத்தி மென்று விழுங்கியது.

மெர்வ் அடுத்ததுக்காகச் சில்வண்டு டப்பாவில் கைவிட்டார். கிளெனிஸ் மூடியை அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

"போதும். உள்ள போனது முதல்ல வெளிய வரட்டும்."

அன்று மாலையும் மறுநாளும் மெர்வ் கூண்டின் அடியை எட்டி எட்டிப் பார்த்தார். கொட்டகையில் பெட்டிகளைக் கொண்டுவந்து வைப்பார், போவார்.

அதற்கடுத்த நாள் காலையில் அவர் வண்டியை நடுவழியில் நிறுத்திவிட்டு நேராக எங்கள் பெல்ட்டுக்கு வந்தார். கையில் மடித்த காகிதக் கைத்துண்டு. கிளெனிஸ் முன்னால் அதை விரித்தார். எனக்கு எதிரே நின்றவள் மூக்கைப் பிடித்துக்கொண்டு, பழம் ஓடுகிற இடத்துக்கு இதையா கொண்டுவருவது என்று திட்டினாள். கிளெனிஸ் பொத்தானை அழுத்திப் பெல்ட்டை நிறுத்தினாள். குனிந்து, எச்சத்தின் கறுப்பையும் வெள்ளையையும் தனித்தனியாகப் பார்த்தாள். சில்வண்டின் உடைந்த இறகுத் துணுக்கு ஒன்று இருப்பதையும் பார்த்தாள்.

"நல்லா செரிச்சிருக்கு. இன்னிக்கு ரெண்டு குடு."

மெர்வ் காகிதத்தைப் பத்திரமாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனார்.