அத்தான் பார்க்காத கெய்ரோ

அத்தான் பிரமிடைப் பார்க்கவில்லை. பார்த்ததாக மேடையேறிச் சொன்னது பொய். செம்பூரில் எங்கள் ஊர்க்காரர்கள் நடத்தும் சங்கத்தில், மே மாத வேக்காட்டில், லண்டனில் வாங்கிய கம்பளிக் கோட்டைக் கழற்றாமல் அவர் நின்று பேசிய கோலம் இன்னும் என் கண்ணை விட்டுப் போகவில்லை. வேர்வை கழுத்தில் வழிந்து கோட்டுக்குள் இறங்கியது. துடைக்கவும் இல்லை; துடைத்தால் கோட்டின் மதிப்புக் குறைந்துவிடும் என்று நினைத்திருப்பார். இப்போது அவருக்கு எண்பது வயது ஆனதற்கு அதே சங்கம் விழா எடுக்கிறது. விழா மலருக்கு அக்காள் புருஷனைப் பற்றி நாலு நல்ல வார்த்தை எழுதித் தரச் சொன்னார்கள். நல்ல வார்த்தை எழுத வேறு ஆட்கள் இருக்கிறார்கள். நான் நடந்ததை எழுதுகிறேன்.

அறுபதுகளில் எனக்கு மாட்டுங்கா லேபர் கேம்பில் ஒரு கோலி; அதாவது, கதவைத் திறந்தால் எதிர்ச் சுவர் கைக்கு எட்டும் ஒற்றை அறை. வேலை பம்பாய்க் கோட்டைப் பகுதியில் ஒரு டிராவல் ஆபீசில், டிக்கெட் கிளார்க். ஊரார் ஏறும் விமானத்துக்கெல்லாம் நான் சீட்டு எழுதினேன். நான் ஏறியது தாதர் லோக்கல் ரயில். என் நாற்காலிக்குப் பின்னால் சுவரில் பிரமிடு படம் ஒன்று ஒட்டியிருந்தது. வாடிக்கையாளர் இல்லாத நேரமெல்லாம் திரும்பி உட்கார்ந்து அதையே பார்ப்பேன். அங்கே போய் வந்த ஒவ்வொருவரையும் நிறுத்தி வைத்து விசாரிப்பேன். கல் என்ன நிறம், பக்கத்தில் போனால் எவ்வளவு பெரிது, ஒட்டகக்காரன் என்ன கேட்பான், எல்லாம் எனக்குத் தெரியும். பார்ப்பது ஒன்றுதான் பாக்கி.

அந்தச் சமயத்தில்தான் அத்தானை மருந்துக் கம்பெனி இங்கிலாந்துக்குப் பயிற்சிக்கு அனுப்பியது. பயிற்சி முடிந்ததும் பத்து நாள் லீவு எடுத்து வழியில் ஊர்களைப் பார்த்துக்கொண்டு வரலாம் என்றார்கள். செய்தியைக் கேட்ட அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. பொறாமைதான். யார் இல்லை என்றது? பம்பாய்க்கு ஒரே ரயிலில் வந்தோம். அவர் செம்பூரில் கம்பெனி குவார்ட்டர்ஸ், நான் லேபர் கேம்ப் கோலி. அதைப் பொறுத்துக்கொண்டேன். இதைப் பொறுக்க முடியவில்லை. அதற்கு மேல், அந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குக் கூப்பிட்டு, ஆட்டுக்கறிக் குழம்பு ஊற்றிக்கொண்டே சொன்னார்:

“மாப்ளே, நீதான் ரூட்டு போடணும். எங்க எறங்கணும், எங்க ஏறணும், எனக்கு ஒரு எழவும் தெரியாதுல்லா.”

லண்டனிலிருந்து நேரே வந்தாலும், நடுவே பாரிஸ், ஜெனீவா, ரோம் என்று இறங்கி ஏறி வந்தாலும், தூரக் கணக்கை மீறாமல் எழுதத் தெரிந்தால் அதே டிக்கெட், அதே காசுதான். அது என் தொழில். ஆனால் அத்தானின் அம்மா ஒரு முட்டுக்கட்டை போட்டாள். ஒரு பயணமும் சூலம் இருக்கும் திசையில் புறப்படக் கூடாது. திங்களும் சனியும் கிழக்கே சூலம். லண்டனிலிருந்து பம்பாய்க்கு வருகிறவன் கிழக்கே வராமல் எந்தப் பக்கம் வருவான்? “எனக்கு இதுல நம்பிக்கை கெடையாது மாப்ளே, அம்மைக்காகத்தான்” என்று அத்தான் சிரித்தார்.

ஆபீஸ் முடிந்த பிறகும் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். பாரிசை நீட்டினால் ஜெனீவாவுக்கு நாள் பற்றாது. ஜெனீவாவை விட்டால் வியாழக்கிழமை தெற்குச் சூலம் குறுக்கே வரும். கடைசியில் எல்லாம் பொருந்தியது, கெய்ரோ தவிர. ரோமிலிருந்து கெய்ரோவுக்கு லீவுக்குள் அடங்கும் விமானம் ஒன்றே ஒன்று. வெள்ளிக்கிழமை நடுநிசி தாண்டிப் புறப்படுவது. டிக்கெட்டில் சனி என்றுதான் அச்சாகும். வேறொருவன் என்றால் கெய்ரோவைப் பட்டியலிலிருந்து அடித்திருப்பான். நான் விடவில்லை. விமானக் கம்பெனிக்குத்தான் நடுநிசியில் நாள் மாறும், பஞ்சாங்கத்துக்கு விடிந்தால்தான் சனி. சூரியன் வருமுன் அத்தான் ஆகாயத்தில் இருப்பார். அவர் அம்மாவிடமே சொல்லிச் சம்மதம் வாங்கினேன். அத்தானிடம் இரண்டு தடவை சொன்னேன். இரண்டு தடவையும் மண்டையை ஆட்டினார்.

“அந்த மண்ணுக்குள்ள என்னல இருக்கு?” என்று கேட்டார். நான் சொன்னேன். தூரத்தில் சின்னதாகத் தெரியும், கிட்டே போகப் போக வானம் குறையும், அடியில் ஒரு கல்லே ஆள் நெஞ்சு உயரம் வரும் என்று சொன்னேன். என் பயணத்தை அவர் பேருக்கு எழுதிக் கொடுத்தேன். அதுதான் உண்மை.

சொன்ன தேதிக்கு அவரை அழைக்கச் சாந்தாகுருஸ் விமான நிலையம் போனேன். கெய்ரோ விமானம் இறங்கியது. அத்தான் அதில் இல்லை. கொஞ்ச நேரம் கழித்து ரோமிலிருந்து நேரே வந்ததில் இறங்கி வந்தார். டாக்சியில் ஏறியதும் கேட்டேன்.

“கெய்ரோ என்ன ஆச்சு அத்தான்?”

“டிக்கெட்டுல சனின்னு போட்டிருந்து மாப்ளே. கெழக்க சூலம்லா. ஏறப் பயமாயிட்டு. ஓட்டல்லயே படுத்துட்டேன்.”

“விடிஞ்சாத்தான் சனின்னு சொன்னேனே!”

“சொன்ன, சொன்ன. அங்க தனியா நிக்கும்போது ஞாவகம் வரல. சரி வுடு, மண்ணுதான.”

நம்பிக்கை இல்லாத மனிதர். தெரிந்த ஆளே அற்ற ஊரில் அம்மாவைவிடப் பெரிய பஞ்சாங்கமாகிவிட்டார். பயந்ததற்காக நான் அவரைக் குற்றம் சொல்லவில்லை. பயம் யாருக்கும் வரும். ஆனால் நான் உயிரைக் கொடுத்துப் பொருத்திய ஒரு ஊரை, எச்சில் இலையைப் போலத் தள்ளிவிட்டு, மண்ணுதான என்றாரே, அதற்கு அன்றே டாக்சியை நிறுத்தி இறங்கியிருப்பேன். அக்காளுக்காக இறங்கவில்லை.

அடுத்த மாதம்தான் அந்தக் கூட்டம். பாரிஸ் பேசினார், ரோம் பேசினார். போதாது என்று தோன்றியதோ என்னவோ, கெய்ரோவுக்குப் போய்விட்டார். “தூரத்துல சின்னதாத் தெரியும். கிட்ட போகப் போக வானம் கொறையும்” என்றார். “ஒரு கல்லு, ஆள் நெஞ்சு ஒசரம்” என்று கோட்டின் மேல் கையை வைத்துக் காட்டினார். சபை கை தட்டியது. என் வாயிலிருந்து எடுத்த வார்த்தை, நான் பார்க்காத கல், அவரும் பார்க்காத கல். யாரோ, “இத்தன ஊர இத்தன நாளுக்குள்ள எப்பிடிய்யா அடக்குனீரு?” என்று கேட்டார். “எல்லாம் நானே உக்காந்து போட்ட கணக்குதான்” என்றார். நான் எழுந்தேன். அக்காள் என் சட்டையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள்.

“பேசாத தம்பி. அவிய மானம் போயிரும். எனக்காக.”

பேச மாட்டேன் என்று அவளுக்கு வாக்குக் கொடுத்தேன். அதன் பிறகு எங்கள் ஆட்களில் எவன் வெளிநாடு போனாலும் முதலில் அத்தானிடம் போய் வழி கேட்டான். அவர் கேட்டவனை என்னிடம் அனுப்பி, “நம்ம மாப்ளதான், டிக்கெட்டு எழுதிக் குடுப்பான்” என்பார். எழுதிக் கொடுத்தேன். ஓய்வு பெறும்வரை எழுதினேன். எத்தனையோ பேரைக் கெய்ரோவுக்கு அனுப்பினேன். நான் பாஸ்போர்ட்டே எடுக்கவில்லை. முதலில் வசதி இல்லை. பிறகு வசதி வந்தது, போக மனம் வரவில்லை. அங்கே போய் நின்றால், கிட்டே போகப் போக வானம் குறைகிறது என்று அத்தான் குரலில்தான் எனக்குக் கேட்கும்.

அக்காள் போன வருடம் போய்விட்டாள். அவளுக்குக் கொடுத்த வாக்கை அவள் இருக்கும்வரை காப்பாற்றினேன். இனி யாருக்காக வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும்?

அத்தான், விழாவில் உங்களுக்கு மாலை போடுவார்கள், ஏற்புரை சொல்லச் சொல்வார்கள். நான் முன்வரிசையில் இருப்பேன். அதே சபை முன்னால் மைக்கைப் பிடித்துப் பதில் சொல்லுங்கள்: அந்தக் கணக்கைப் போட்டது யார்? கெய்ரோ விமானம் ரோமிலிருந்து கிளம்பியபோது நீங்கள் எங்கே இருந்தீர்கள்?